எஸ்எஸ்எல் போட்டதும் ஜேகன்சோல் ஏன் மறிக்கிறது? கிளிநொச்சிப் புரோக்கரை வவுனியாவிலிருந்து பார்ப்பது பற்றி

கேள்வியைச் சுருக்கி எழுதுகிறேன். மல்லாவி, ஒட்டுசுட்டான், விசுவமடுப் பக்கத்துப் பால் சேகரிப்பு நிலையங்களில் இருக்கும் சின்ன ராஸ்பெரி பை கணினிகள், ஒவ்வொரு எடையையும் ஸ்டொம்ப் என்ற செய்தி முறை வழியாகக் கிளிநொச்சிக் கந்தோரில் இருக்கும் ஆக்டிவ்எம்கியூ புரோக்கருக்கு, அதாவது செய்திகளை வாங்கி வரிசையில் வைத்துக் கொடுக்கும் ஜாவா நிரலுக்கு, அனுப்புகின்றன. புரோக்கர் உபுண்டுவில் ஓடுகிறது. கேட்டவர் வவுனியாவில் வீட்டில் இருந்தபடி, ஜாவா நிரல்களைக் கண்காணிக்கும் ஜேகன்சோலால் அதன் வரிசைகளைப் பார்க்க விரும்புகிறார். இணைப்பில் போவதை மறைக்கும் எஸ்எஸ்எல் இல்லாமல் கந்தோருக்குள் எல்லாம் ஓடியது. எஸ்எஸ்எல் போட்ட பிறகு கந்தோரில் "பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை, பாதுகாப்பில்லாமல் முயலவா?" என்று ஒரு பெட்டி வருகிறது. வீட்டிலிருந்து முயன்றால் அதுவும் இல்லை, வெறுமனே காத்திருந்து டைம்அவுட். "எஸ்எஸ்எல்லை நிறுத்திவிடலாமா?" என்பதுதான் கடைசி வரி.

நிறுத்தாதீர்கள், தம்பி. ஜேகன்சோல் புரோக்கருக்குள் போகும் வழியான ஜேஎம்எக்ஸ் என்பது எட்டிப்பார்க்கும் ஜன்னல் மட்டும் இல்லை. அதற்குள் வந்தவர் வரிசையைக் காலி செய்யலாம், புரோக்கரை நிறுத்தலாம். கடவுச்சொல்லும் இல்லாமல் திறந்து கிடந்தால், தன்னுடைய நிரலையே உங்கள் ஜாவாவுக்குள் ஏற்றி ஓட்டலாம். பாதுகாப்பில்லாமல் முயலவா என்று கேட்கும் அந்தப் பெட்டியிலேயே, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறைக்கப்படாமல் போகும் என்று சின்னதாக எழுதியிருக்கும். அவசரத்தில் ஒருவரும் வாசிப்பதில்லை.

உங்கள் விவரத்தில் எனக்குப் பயன்பட்டது ஒன்றுதான்: கந்தோரில் ஒரு பிழை, வீட்டில் வேறு பிழை. அப்படியென்றால் இங்கே இருப்பது ஒரு கோளாறு இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால், ஒன்றைச் சரிசெய்தது மற்றதால் தெரியாமல் போகும். சரியாக இருந்ததையும் மாற்றிக் குழப்பிவிடுவீர்கள். வவுனியாவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கந்தோரில், அதே சுவிட்சில் செருகிய மடிக்கணினியில் ஓடும்வரை வீட்டுப் பக்கம் போக வேண்டாம்.

முதலில், போட்ட அமைப்பு உண்மையில் ஓடுகிற ஜாவாவுக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஆக்டிவ்எம்கியூவில் ஜேஎம்எக்ஸைத் திறக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, புரோக்கரின் எக்ஸ்எம்எல் கோப்பில் உள்ள மேனேஜ்மென்ட் கொன்டெக்ஸ்ட். மற்றது, 'பின்' என்ற அடைவில் இருக்கும் 'என்வ்' கோப்பில் ஜாவாவுக்கே நேரே கொடுக்கும் ஜேஎம்எக்ஸ்ரிமோட் அமைப்புகள். எஸ்எஸ்எல், கடவுச்சொல் கோப்பு என்று நீங்கள் எழுதியவை இரண்டாவது வழிக்குரியவை. முதல் வழியில் திறந்த கதவை அவை தொடாது. எக்ஸ்எம்எல்லில் கிரியேட் கனெக்டர் ட்ரூ என்று இருந்தால் அது 1099ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது கணினியின் இலக்கமிட்ட வாசல்) தன்பாட்டுக்கு ஒரு கதவைத் திறந்துவிடும், நீங்கள் வேறொரு கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதை ஃபால்ஸ் ஆக்கி, ஒரு வழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புரோக்கரை நிறுத்தித் தொடங்கி, பிஎஸ் கட்டளையில் அந்த ஜாவா ஓட்டத்தின் முழு வரியையும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதியது அங்கே இல்லையென்றால், கோப்பில் இருந்து பயனில்லை. சேவையாக ஓடும்போது வேறு கோப்பை வாசிப்பது நிறைய நடக்கும்.

அதே வரியில் கீஸ்டோரின் (சான்றிதழும் அதன் தனிச் சாவியும் இருக்கும் கோப்பு) கடவுச்சொல்லும் அப்பட்டமாகத் தெரிந்தால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. எஸ்எஸ்எல் கொன்ஃபிக் ஃபைல் என்ற அமைப்பு ஒரு தனிக் கோப்பைக் காட்டும். கீஸ்டோரின் இடத்தையும் கடவுச்சொல்லையும் அதற்குள் வைக்கலாம். பயனர்களின் கடவுச்சொல் கோப்பின் அனுமதியை, புரோக்கர் எந்தப் பயனராக ஓடுகிறதோ அவர் மட்டும் வாசிக்கும்படி 600 ஆக்குங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம் என்று இருந்தால் ஜாவா அதைக் குறை சொல்லிவிட்டுத் தொடங்கவே மறுக்கும். புரோக்கரே எழும்பாமல் விட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இனி அந்தப் பெட்டி. அது காரணத்தைச் சொல்லாது, மறைக்கும். ஜேகன்சோலை ஐகனில் சொடுக்கித் திறக்காமல் டேர்மினலில் இருந்து தொடங்குங்கள், ஜாவாவின் நெட் டிபக் அமைப்பை எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக் என்று கொடுங்கள் (ஹேண்ட்ஷேக் என்பது பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் கட்டம்). இப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு அமைப்பின் முன்னாலும் கழித்தல் குறியும் பெரிய ஜே எழுத்தும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது ஜேகன்சோல் ஓடும் ஜாவாவுக்குள் போகாது. இப்போது திரையில் பக்கம் பக்கமாக ஓடும். பயப்பட வேண்டாம், கடைசி இருபது முப்பது வரிகள் போதும்.

அங்கே "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்" என்று இருந்தால், என் ஊகம் சரி. சான்றிதழை நீங்களே ஜாவாவோடு வரும் கீடூலில் உருவாக்கியிருக்கிறீர்கள், உங்கள் மடிக்கணினிக்கு அதை யார் என்றே தெரியாது. சேர்வரில் இருந்து சான்றிதழை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, மடிக்கணினியில் ஒரு புதிய ட்ரஸ்ட்ஸ்டோருக்குள் (நம்பும் சான்றிதழ்களை வைக்கும் கோப்பு) இம்போர்ட் செய்யுங்கள். ஜேகன்சோலுக்கு அந்த ட்ரஸ்ட்ஸ்டோரின் இடத்தையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள், மறுபடியும் அந்த ஜே முன்னொட்டோடு. எக்ஸ்போர்ட் செய்த அந்தச் சின்னக் கோப்பு யாரிடம் போனாலும் பரவாயில்லை. ஆனால் கீஸ்டோரையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குள் தனிச் சாவியும் இருக்கிறது, அது சேர்வரை விட்டு வெளியே வரவே கூடாது. அப்படி ஏற்கெனவே அனுப்பியிருந்தால் சாவியைப் புதிதாக உருவாக்குங்கள்.

"நொன்-ஜேஆர்எம்பி சேர்வர்" என்று ஒரு பிழை வந்தால் அது வேறு. நீங்கள் எஸ்எஸ்எல் இல்லாமல் பேச, எதிர்ப்பக்கம் எஸ்எஸ்எல்லில் பேசுகிறது என்று அர்த்தம். ரெஜிஸ்ட்ரிக்கும் (ஜேஎம்எக்ஸில் முதலில் போய் வழி கேட்கும் இடம், கீழே சொல்கிறேன்) எஸ்எஸ்எல் போட்டிருந்தால் ஆக்டிவ்எம்கியூவின் சொந்தக் கட்டளைகளிலும் நீங்களே எழுதும் ஸ்கிரிப்ட்களிலும் இது வரும். ஜேகன்சோல் இரண்டு விதமாகவும் முயன்று பார்க்கும் என்பதால் அதில் அவ்வளவாக வராது. இனி, "புரட்டகோல் வேர்ஷன்" என்று குறை வந்தால் இரண்டு பக்கத்து ஜாவாவில் ஒன்று மிகப் பழையது. 2021 ஏப்ரல் புதுப்பிப்புகளில் இருந்து ஜாவா 8, 11 இரண்டுமே டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் பிந்தைய வடிவம்) 1.0ஐயும் 1.1ஐயும் தாமாகவே மறுக்கின்றன. பழையதை உயர்த்துங்கள். புதியதில் அந்தத் தடையை எடுத்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்.

இதற்கிடையில் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையை ஜேஎம்எக்ஸ் போர்ட்களுக்கு ஓட்டிப் பாருங்கள். ஜேகன்சோலையே நம்பாமல், சான்றிதழ் உண்மையில் வருகிறதா, எந்தச் சான்றிதழ் வருகிறது, எந்தத் தேதிவரை செல்லும் என்று அது நேரே காட்டும். ரெஜிஸ்ட்ரி போர்ட்டில் சான்றிதழ் வராமல் மற்றப் போர்ட்டில் வந்தால் குழம்ப வேண்டாம். ரெஜிஸ்ட்ரிக்கு எஸ்எஸ்எல் போடுவது தனி அமைப்பு, அது தானாக வராது.

"மற்றப் போர்ட்" என்றேன். பெரும்பாலான ஆட்கள் சறுக்குவது இங்கேதான், உங்கள் வீட்டுப் பக்கத்து டைம்அவுட்டும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் றவுட்டரில் 1099ஐ மட்டும் திறந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஜேஎம்எக்ஸ் ஒரு போர்ட்டில் முடிகிற காரியம் இல்லை. 1099இல் இருப்பது ரெஜிஸ்ட்ரி. நீங்கள் அங்கே போய்க் கேட்டதும், "நீ தேடுகிற ஆள் இந்த முகவரியில், இந்தப் போர்ட்டில் இருக்கிறார்" என்று ஒரு ஸ்டப்பைக் கொடுத்து அனுப்பிவிடும். உண்மையான பேச்சு அந்த இரண்டாவது இடத்தில்தான். அந்தப் போர்ட்டை நீங்கள் குறிப்பிடாவிட்டால், புரோக்கர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஜாவா ஏதோ ஒரு இலக்கத்தை எடுத்துக்கொள்ளும். கந்தோருக்குள் ஃபயர்வோல் இல்லாததால் அது தெரியவில்லை. றவுட்டருக்கு வெளியே வந்ததும் தெரிகிறது.

ஜேஎம்எக்ஸ்ரிமோட்டின் கீழ் ஆர்எம்ஐ போர்ட் என்ற அமைப்பு இதற்குத்தான். 1098 என்று ஒன்றைக் கொடுத்து நிலையாக்குங்கள். இரண்டுக்கும் ஒரே இலக்கத்தைக் கொடுக்கலாம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கொடுக்கலாம்தான், ஆனால் ரெஜிஸ்ட்ரியும் எஸ்எஸ்எல்லில் இருக்க வேண்டும். ஒரே போர்ட் ஒருவரோடு மறைத்தும் இன்னொருவரோடு மறைக்காமலும் பேச முடியாது. கோளாறு தேடிக்கொண்டிருக்கும்போது இரண்டையும் தனித்தனியாக வைப்பதே நல்லது, எந்தக் கட்டத்தில் மறிக்கிறது என்று இலக்கத்தைப் பார்த்தே சொல்லலாம்.

அடுத்தது முகவரி. அந்த ஸ்டப்புக்குள் எந்த முகவரி போகிறது என்பதைப் புரோக்கர் இருக்கும் கணினிதான் தீர்மானிக்கிறது, தன் பெயரைத் தானே தேடிப் பார்த்து. உபுண்டுவில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தால், கணினியின் பெயருக்கு நேரே பெரும்பாலும் 127.0.1.1 என்று இருக்கும். அதே முகவரி ஸ்டப்புக்குள் போகிறது. மாங்குளம் சந்தியில் நின்று ஒருவரிடம் வழி கேட்க, அவர் "நேரே உங்கட வீட்டுக்குப் போங்கோ, ஆள் அங்கதான் இருக்கிறார்" என்று சொன்னதுபோல, உங்கள் ஜேகன்சோல் உங்கள் மடிக்கணினியையே போய்த் தட்டும். அங்கே யாரும் இல்லை. "127.0.1.1 இணைப்பை மறுத்தது" என்று வரும். புரோக்கர் மறுத்தது என்று நினைத்து நீங்கள் புரோக்கரின் ஃபயர்வோலைக் கிண்டத் தொடங்குவீர்கள். பிழையில் வரும் முகவரியைக் கவனமாக வாசியுங்கள். நீங்கள் தட்டச்சு செய்த முகவரியாக அது இல்லையென்றால், ரெஜிஸ்ட்ரி வரை ஒழுங்காகப் போய் வந்துவிட்டீர்கள், கோளாறு ஸ்டப்பில் இருக்கிறது.

சேர்வரில் ஹோஸ்ட்நேம் கட்டளையைச் சின்ன ஐ எழுத்தோடு கொடுத்தால் இது உடனே தெரிந்துவிடும். ஜாவா ஆர்எம்ஐ சேர்வர் ஹோஸ்ட்நேம் என்ற அமைப்பில், பார்க்க வருகிற கணினி எந்த முகவரியில் அந்தப் புரோக்கரை அடைய முடியுமோ அதை எழுதுங்கள். கந்தோருக்குள் மட்டுமென்றால் உள்முகவரி. வெளியிலிருந்தும் என்றால் கொஞ்சம் பொறுங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

இவ்வளவும் செய்து எஸ்எஸ் கட்டளையில் 1099, 1098 இரண்டும் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, கந்தோர் மேசையில் ஜேகன்சோல் எஸ்எஸ்எல்லில் திறந்துவிட்டதா? சரி, இனி வவுனியா.

வீட்டில் கோளாறு பார்க்கும்போது, மறுப்பதும் காத்திருந்து கைவிடுவதும் வேறு வேறு என்பதை மனதில் வையுங்கள். உடனே மறுத்தால், அந்த முகவரியில் ஏதோ ஒரு கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. டைம்அவுட் என்றால், உங்கள் பொதி வழியில் எங்கேயோ சத்தமில்லாமல் கைவிடப்படுகிறது. உங்களுக்கு வருவது இரண்டாவது. அதனால் சான்றிதழைக் கிண்டி இதில் ஒன்றும் ஆகாது. ஹேண்ட்ஷேக் தொடங்கவே இல்லை.

கந்தோரில் 4ஜி றவுட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் பக்கத்தைத் திறந்து வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64இல் தொடங்கி 100.127 வரையான ஒன்றாகவோ, 10இல் தொடங்குவதாகவோ இருந்தால், உங்களுக்கென்று ஒரு பொது முகவரி இல்லை. இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. 100.64 இதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட தொகுதி. இந்த நிலையில் றவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வராது. முறிகண்டியில் தேங்காய் உடைத்தாலும் வராது.

பொது முகவரி இருந்தாலும் 1099ஐ இணையத்துக்குத் திறப்பதை நான் ஏற்கமாட்டேன். எஸ்எஸ்எல், கடவுச்சொல் எல்லாம் இருக்கட்டும், உலகம் முழுவதும் தட்டிப் பார்க்கிற இடத்தில் அதை வைக்கத் தேவையில்லை. ஓப்பன்வயர் என்ற ஆக்டிவ்எம்கியூவின் சொந்தச் செய்தி முறைக்கான 61616ஐயும் அப்படித் திறந்திருந்தால் இன்றைக்கே மூடுங்கள். 2023 ஒக்டோபரில் வெளியான சிவிஇ-2023-46604 என்ற ஓட்டை அந்த ஓப்பன்வயர் போர்ட் வழியாகத்தான். கடவுச்சொல் எதுவும் இல்லாமலே புரோக்கரில் தங்கள் கட்டளையை ஓட்டலாம், பணம் பறிக்கும் கும்பல்கள் அதை உடனேயே பயன்படுத்தின. தீவிரம் பத்துக்குப் பத்து. 5.15.16, 5.16.7, 5.17.6, 5.18.3 ஆகியவற்றில் அடைக்கப்பட்டது. உங்கள் பதிப்பு அந்தந்த வரிசையில் இவற்றுக்குக் கீழே இருந்தால், ஜேகன்சோலை விட்டுவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

வழி என்னவென்றால், வெளியிலிருந்து உள்ளே வராமல், உள்ளிருந்து வெளியே போவது. பொது முகவரியோடு ஒரு சின்ன வாடகைச் சேர்வர் எடுங்கள். அதில் வயர்கார்ட் என்ற விபிஎன் (கணினிகளுக்கிடையே மறைக்கப்பட்ட டனல்) போடுங்கள். கிளிநொச்சிக் கணினியும் உங்கள் மடிக்கணினியும் இரண்டும் தாமாக அதற்குப் போய்ச் சேரட்டும். கிளிநொச்சிப் பக்கத்தில் பேர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று போடுங்கள், இல்லையென்றால் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்ததும் நிறுவனத்துப் பக்கம் அந்த வழியை மறந்துவிடும். பிறகு ஆர்எம்ஐ ஹோஸ்ட்நேமில் புரோக்கரின் வயர்கார்ட் முகவரியை எழுதுங்கள். ஜேஎம்எக்ஸ்ரிமோட்டின் ஹோஸ்ட் அமைப்பிலும் அதையே கொடுத்தால், அந்த முகவரியில் மட்டும் கேட்கும். ஜாவா 8இன் பிந்தைய புதுப்பிப்புகளில் இது இருக்கிறது. கந்தோரில் இருந்து பார்ப்பதும் அதே வழியால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு முகவரித் தலையிடி இல்லை. டனலுக்குள் இருக்கிறதே, எஸ்எஸ்எல் எதற்கு என்று கேட்பீர்கள். இருக்கட்டும். ஏற்கெனவே ஓட வைத்தாகிவிட்டது.

வயர்கார்ட் பெரிய வேலை என்றால் எஸ்எஸ்எச் டனல் போதும். அப்படியென்றால் 1099, 1098 இரண்டையும் அதே இலக்கங்களில் மடிக்கணினிக்குக் கொண்டுவர வேண்டும், ஹோஸ்ட்நேமில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுத வேண்டும். இலக்கத்தை மாற்றினால் ஸ்டப் சொல்லும் இடத்தில் ஒன்றும் இருக்காது.

டனல் வழியாக இணைந்து, ஹேண்ட்ஷேக் தொடங்கி, "கிளையன்ட் ஹலோ" போன பிறகு அப்படியே உறைந்து நின்றால், எம்டியூவை, அதாவது அந்த வழியில் போகக்கூடிய மிகப் பெரிய பொதியின் அளவை, சந்தேகியுங்கள். சின்னப் பொதிகள் போய் வரும், பிங் ஓடும். சான்றிதழோடு வரும் பெரிய பொதி மட்டும் வழியில் காணாமல் போகும். பிங்கைத் துண்டாக்க வேண்டாம் என்ற குறியோடு 1472 பைட்டில் தொடங்கி, போகும்வரை குறைத்துக்கொண்டு வாருங்கள். போன அளவோடு 28ஐக் கூட்டினால் அந்த வழியின் எம்டியூ. வயர்கார்ட் சாதாரணமாக 1420 எடுத்துக்கொள்ளும். 4ஜியில் அது சில வேளை அதிகம், 1280க்கு இறக்கிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று, ஏனென்றால் மழை தொடங்கியதும் கரண்ட் போகிற ஊர்களில் இது கட்டாயம் வரும். சேகரிப்பு நிலையங்களில் இருக்கும் ராஸ்பெரி பைகளில், 4ஆம் மொடல் வரை, மின்சாரம் இல்லாதபோது நேரத்தை வைத்திருக்கும் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் கடைசியாகப் பதிந்துவைத்த நேரத்தில் இருந்து எழும்பும், இணையம் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்தைப் பெறும். ஸ்டொம்புக்கும் எஸ்எஸ்எல் இருந்து, நேற்றுத்தான் புரோக்கருக்குப் புதிய சான்றிதழ் போட்டீர்கள், பையின் கடிகாரமோ முந்தாநாளில் நிற்கிறது என்றால், "இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை" என்று மறுத்துவிடும். மல்லாவி மட்டும் ஓடவில்லை, விசுவமடு ஓடுகிறது என்கிற மாதிரியான விசித்திரங்கள் இப்படி வருபவை. எந்தப் பக்கம் சான்றிதழைச் சரிபார்க்கிறதோ அந்தப் பக்கத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். கிளையன்ட் சான்றிதழும் வேண்டும் என்று அமைத்திருந்தால் இரண்டு பக்கத்தையும்.

தேதி என்றதும் இன்னொன்று. கீடூலில் செல்லுபடிக் காலத்தைச் சொல்லாமல் சான்றிதழ் உருவாக்கினால் 90 நாள்தான். உங்களுடையதும் அப்படி இருக்கக்கூடும். கீடூலின் லிஸ்ட் கட்டளையில் தேதியைப் பாருங்கள். புதியதை உருவாக்கும்போது வயர்கார்ட் முகவரியையும் கந்தோர்ப் பெயரையும் மாற்றுப் பெயர்ப் பகுதியில் சேர்த்துவிடுங்கள், பிரவுசர் அதைத்தான் பார்க்கும். கீஸ்டோரை மாற்றினாலும் புரோக்கரை மறுபடி தொடங்கும்வரை பழைய சான்றிதழ்தான் போகும். மாலைப் பால் எடுப்பு முடிந்த பிறகு செய்யுங்கள்.

கடைசியாக, உங்களுக்கு வேண்டியது வரிசையில் எத்தனை எடை தேங்கியிருக்கிறது என்ற எண் மட்டும் என்றால், ஜேகன்சோலே தேவையில்லை. ஆக்டிவ்எம்கியூவோடு வரும் ஜொலோக்கியா அதே விவரத்தை 8161இல் எச்டிடிபி வழியாகத் தரும். ஒரே போர்ட், ஸ்டப் இல்லை, டனலுக்குள் எளிதாகப் போகும். 5.16இல் இருந்து அது சேர்வருக்குள் மட்டும் கேட்கும்படி வருகிறது, அதனால் எஸ்எஸ்எச் டனல் வழியாகப் போங்கள், அதை ஓட்டும் ஜெட்டி வலைச் சேர்வரின் அமைப்பை எல்லோருக்கும் திறக்க வேண்டாம். கர்ல் கட்டளையில் 403 வந்தால் கடவுச்சொல் பிழை என்று நினைக்காதீர்கள். ஒரிஜின் தலைப்பைச் சேர்த்துப் பாருங்கள், அது இல்லாத கோரிக்கையை மறுத்துவிடும். நானாக இருந்தால் அன்றாடம் பார்ப்பதற்கு இதை வைத்துக்கொண்டு, ஏதாவது பழுதான நாளில் மட்டும் ஜேகன்சோலைத் திறப்பேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மறித்தால், ஹேண்ட்ஷேக் டிபக்கின் கடைசி முப்பது வரி, சேர்வரில் எஸ்எஸ் கட்டளை காட்டும் போர்ட்கள், என்வ் கோப்பின் ஜேஎம்எக்ஸ் வரிகள் மூன்றையும் போடுங்கள். கந்தோரில் எடுத்ததா வீட்டில் எடுத்ததா என்று மறக்காமல் எழுதுங்கள். கடவுச்சொற்களை அழித்துவிட்டுப் போடுங்கள்.